நெஞ்செரிச்சலும் எங்கள் வீட்டு இரவுச் சாப்பாடும்

நெஞ்செரிச்சலுக்கு எங்கள் ஊரில் ஆளுக்கொரு பானம் வைத்திருக்கிறார்கள். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே அழைக்கும் இந்தத் தோட்டப்புறச் சிற்றூரில், ‘நெஞ்சு எரிகிறது’ என்று ஒருவர் வாய் திறந்தால் போதும். பக்கத்து வீட்டு அக்கா சீரகத் தண்ணீர் என்பார்; ஒட்டுக்கடைக்காரர் பார்லி என்பார்; பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஈனோ என்பார்; கைப்பேசியில் வந்த காணொளியைக் காட்டி ஆப்பிள் சைடர் வினிகர் என்பார் இளையவர் ஒருவர். இவற்றுள் பெரும்பாலானவற்றை நானும் குடித்துப் பார்த்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியை என்பதால் தொண்டைதான் என் பிழைப்பு. அந்தத் தொண்டை காலையில் கரகரத்து, முதல் பாடவேளை முடிவதற்குள் குரல் கம்மிப்போவதும், நள்ளிரவில் புளித்த நீர் வாய்வரை வந்து இருமலோடு எழுந்து உட்காருவதும் வாடிக்கையான பிறகு, எது உதவுகிறது, எது கெடுக்கிறது என்று கவனித்துக் குறித்துவைக்கத் தொடங்கினேன். பானங்களில் சில உதவின. ஆயினும் என் எரிச்சலைப் பெருமளவு அடக்கியது, இரவுச் சாப்பாட்டை எத்தனை மணிக்கு முடிக்கிறோம் என்பதும், அதற்குப் பிறகு எப்படிப் படுக்கிறோம் என்பதுமே. அதை மாற்றுவது ஒருவர் தனியாகச் செய்துவிடக்கூடிய காரியமாகவும் இருக்கவில்லை.

உள்ளே நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வருபவை விளங்குவதற்கு அது வேண்டும். உணவுக்குழாய் இரைப்பையோடு சேருமிடத்தில் வளையம்போல ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிட்டு, பிறகு இறுகிக்கொள்ள வேண்டும். இரைப்பையின் உட்சுவருக்குத் தன் அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் உண்டு. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு கிடையாது. எனவே அந்தத் தசை வேண்டாத நேரத்தில் தளர்ந்து அமிலம் மேலேறினால், எரிச்சல் நெஞ்செலும்புக்குப் பின்னால் தெரிகிறது. வயிறு முட்டச் சாப்பிடுவது, கொழுப்பு மிகுந்த உணவு, சாக்லேட், புதினா, காப்பி, மது, புகை ஆகியவை தசையைத் தளர்த்துபவை. வயிற்றுப் பகுதியில் ஏறிய எடையும் கர்ப்பமும் கீழிருந்து அழுத்துபவை. சிலருக்கு இரைப்பையின் மேற்பகுதியே நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத் தசையின் துவாரம் வழியாகச் சற்று மேலே ஏறியிருக்கும். அவர்களுக்குத் தொல்லை இன்னும் கூடுதல். சாப்பிட்ட பிறகு இரைப்பையில் அமிலம் உணவோடு முழுதும் கலந்துவிடுவதில்லை என்பதையும், அதில் ஒரு பகுதி உணவின் மேற்பரப்பில், அந்தத் தசைக்கு அருகிலேயே தேங்கி நிற்கிறது என்பதையும் பின்னாளில்தான் அறிந்தேன். சாப்பிட்ட உடனே எரிவது ஏன் என்ற கேள்விக்கு அதில் விடை கிடைத்தது.

இனிப் பானங்களுக்கு வருகிறேன். ஒரு தேக்கரண்டிச் சீரகத்தை வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து, இரண்டு கோப்பைத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, நிறம் இறங்கியதும் வடிகட்டி வெதுவெதுப்பாகக் குடிப்பது எங்கள் வீட்டு வழக்கம். வயிற்று உப்புசத்துக்கு இது எனக்கு நன்றாகவே கேட்கிறது. ஏப்பம் வந்து வயிறு லேசாகும். எரிச்சலை மட்டும் அது அணைத்ததில்லை. அளவும் முக்கியம். சாப்பாட்டோடு சேர்த்து ஒரு செம்பு குடித்தால், எந்த நல்ல நீரானாலும் நிறைந்த இரைப்பையை மேலும் உப்பவைக்கும். சாப்பிட்டு அரைமணி கழித்து, அரைக் கோப்பையை மிடறு மிடறாகக் குடிப்பதே எனக்கு ஒத்துவருகிறது. வெறும் தண்ணீரையும் இப்படித்தான் குடிக்கிறேன்; ஏறிவந்த அமிலத்தைக் கழுவி இறக்க இரண்டு மூன்று மிடறு போதும்.

இஞ்சி இரைப்பை விரைவாகக் காலியாக உதவும், குமட்டலையும் குறைக்கும். ஆனால் நகம் அளவுத் துண்டைத் தட்டிப் போட்ட நீர் வேறு, பாதி இஞ்சியை அரைத்துப் பிழிந்த சாறு வேறு. பின்னது தானே நெஞ்சை எரிக்கும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் கிடைக்கும் தே ஹாலியா என்ற இஞ்சித் தேநீரை மருந்தாக எண்ணிக் குடிப்பவர்கள் உண்டு. அதில் இஞ்சியைவிடத் தேயிலையும் கெட்டிப் பாலும் மிகுதி என்பதால் அதை மருந்துக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. பார்லியிலும் இதே சிக்கல்தான். கடைப் பார்லியில் சீனி தூக்கலாக இருக்கும், பெரும்பாலும் கஸ்தூரி எலுமிச்சையையும் பிழிந்து தருவார்கள். வீட்டில் ஒரு பிடி பார்லியைக் கழுவி, வாசனைக்கு ஒரு பண்டான் இலையை முடிந்து போட்டு, மணிகள் வெடித்து நீர் சற்றே கொழகொழப்பாகும்வரை வேகவைத்து, சீனி சேர்க்காமல் எடுத்துவைத்தால், பள்ளி முடிந்து வரும் பிற்பகல் வேளைக்கு அதைவிட மென்மையான பானம் எனக்குத் தெரியவில்லை. வெந்த மணிகளை நான் கொட்டுவதில்லை. சிட்டிகை உப்பிட்டுக் கஞ்சியாகச் சாப்பிட்டுவிடுவேன்.

இளநீரும் எனக்கு ஒத்துக்கொண்டது. கோல சிலாங்கூர் போகும் சாலையோரத்தில் வெட்டித் தருவதை வாங்கி, ஐஸ் போடாமல் குடிப்பேன். கொழுப்பும் காற்றும் இல்லாத பானம் அது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், சிலவகை இரத்த அழுத்த மாத்திரை உட்கொள்பவர்களும் பொட்டாசியத்தைக் கருதி மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. மோர் நீர்க்க இருந்து, புளிக்காமலும் இருந்தால் பகலில் நல்லது. முந்தின நாள் தயிரில் கரைத்த புளித்த மோரை இரவில் தொடுவதில்லை.

பால்தான் என் மாமியாரின் வைத்தியம். குடித்தவுடன் நெஞ்சு குளிர்வது உண்மை. ஆனால் அந்தக் குளிர்ச்சி நெடுநேரம் நிற்பதில்லை. பாலிலுள்ள புரதமும் கால்சியமும் இரைப்பையை மறுபடி அமிலம் சுரக்கத் தூண்டுகின்றன, முழுப்பாலின் கொழுப்போ இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. அதைவிட மோசம், பெரும்பாலான வீடுகளில் படுக்கப்போகும் முன் பிள்ளைகளுக்குக் கலக்கும்போதே பெரியவர்களும் கலந்துகொள்ளும் மைலோ. கோக்கோவும் கெட்டிப் பாலும் சீனியும் நிறைந்த ஒரு பெரிய கோப்பையைக் குடித்துவிட்டுப் படுத்தால், எரிச்சலை விருந்துக்கு அழைத்தாயிற்று. எங்கள் வீட்டில் மைலோ இப்போது காலைப் பானமாகிவிட்டது.

நுரை பொங்க ஆற்றித் தரும் பால் தேநீரான தே தாரிக்கை விடச் சொல்லி எவரும் இந்த ஊரில் வாழ முடியாது. நானும் விடவில்லை, வெறும் வயிற்றில் குடிப்பதைத்தான் விட்டேன். விடிகாலையில் பால் சேர்க்காத கோப்பி ஓ ஒன்றைக் கடகடவென்று ஊற்றிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவது எங்கள் ஆசிரியர்களுள் பலருக்குப் பழக்கம். அதே பானத்தை இரண்டு இட்லிக்குப் பிறகு, பாதி அளவில், சற்று நீர்க்கக் குடிக்கும்போது பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. பிற்பகலுக்கு மேல் காப்பியோ தேநீரோ வேண்டாம் என்பது நானே வைத்துக்கொண்ட வரம்பு. காப்பி எல்லோரையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை என்பதால், அவரவர் உடம்பைக் கேட்டுத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

எலுமிச்சைச் சாறு உடலுக்குள் போனதும் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை பெற்று அமிலத்தைத் தணிக்கும் என்று கேட்டிருப்பீர்கள். புண்பட்ட உணவுக்குழாயின் மேல் எலுமிச்சையும் வினிகரும் இறங்கும்போது அவை அமிலங்களே. அந்த வலியை அனுபவித்தவருக்கு விளக்கம் தேவையில்லை. புதினாவின் கதை இன்னும் விந்தையானது. ஆசிரியர் அறையில் குரல் கட்டியவர்களின் மேசை இழுப்பறையில் புதினா மிட்டாய் இல்லாமல் இராது. தொண்டைக்கு இதமாக இருக்கும் அதே புதினா கீழே அந்த வளையத் தசையைத் தளர்த்துகிறது. அமிலம் ஏறித் தொண்டை கரகரக்க, கரகரப்புக்காக மிட்டாய் சப்ப, அதனால் மேலும் அமிலம் ஏற, இந்தச் சுழற்சி ஒரு பள்ளித் தவணை முழுதும் நடக்கலாம். அதற்குப் பதிலாக, சாப்பிட்ட பிறகு அரைமணி நேரம் சீனியில்லாத சூயிங்கம்மை மெல்லலாம். மெல்லும்போது உமிழ்நீர் பெருகி, அடிக்கடி விழுங்க நேர்ந்து, உணவுக்குழாயில் தங்கிய அமிலம் கழுவப்படுகிறது. புதினாச் சுவை அல்லாத வகையாகப் பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பாட்டிமார் வெற்றிலை மென்றதும் இதற்குத்தானே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள், புகையிலை சேர்ந்தால் இன்னும் கொடியது, அதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈனோவும் சமையல் சோடாவும் அமிலத்தைச் சட்டென்று சமன்செய்பவை, எப்போதாவது ஒருநாள் கைகொடுக்கும். அவற்றிலிருந்து வெளிப்படும் வாயு இரைப்பையை உப்பவைத்து ஏப்பமாக வரும்போது கொஞ்சம் அமிலத்தையும் கூட்டிவருவதுண்டு. அவற்றிலுள்ள சோடியம் இரத்த அழுத்தக்காரர்களுக்கு ஆகாது. நாள்தோறும் ஒரு பொட்டலம் தேவைப்படுகிறது என்றால், அதைப் பானத்தால் தீர்க்க முனையாமல் கிளினிக்குக்குப் போய்விட வேண்டும். காற்றடைத்த இனிப்புப் பானங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவற்றால் எந்த நன்மையும் கிடையாது.

நான் போனது அரசு சுகாதாரக் கிளினிக்குக்கு. ஒரு ரிங்கிட் கட்டணம், சற்று நீண்ட காத்திருப்பு. இளம் மலாய் மருத்துவர். நான் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று கேட்பார் என எதிர்பார்த்து, காரம், புளி என்று ஒரு பட்டியலையே மனத்தில் வைத்திருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “சிக்கு, மாக்கான் மாலாம் புக்கோல் பெராப்பா?” என்பதுதான். ஆசிரியையை எல்லோரும் அழைக்கும் அந்தச் ‘சிக்கு’ என்ற விளியோடு, இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஒன்பதரை என்றேன். உறங்குவது எத்தனை மணிக்கு என்று அடுத்துக் கேட்டார். பத்தரை என்றதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, மேசையிலிருந்த தண்ணீர்ப் புட்டியை எடுத்துப் படுக்கவைத்துக் காட்டினார். மூடி இறுகாத புட்டியின் வாயில் நீர் வந்து நின்றது. நிமிர்ந்திருக்கும்போது புவியீர்ப்பு நமக்கு வேலை செய்கிறது. படுத்தால் அது போய்விடுகிறது; உறங்கினால் உமிழ்நீர் சுரப்பதும் விழுங்குவதும் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. பகலில் ஏறும் அமிலம் சில நிமிடங்களில் கழுவப்பட்டுவிடும், இரவில் ஏறுவது அங்கேயே தங்கி நெடுநேரம் அரிக்கும். ஆகவே கடைசிக் கவளத்துக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் வேண்டும் என்றார்.

சொல்வது எளிது. என் கணவர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறார். வேலை முடிந்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகக் குளித்துவிட்டு உட்காரும்போது ஒன்பது தாண்டிவிடும். எனக்குப் பள்ளி, புறப்பாட நடவடிக்கை, வீட்டுப்பாட நோட்டுகள் என்று மாலை கரையும். வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்காரும் ஒரே நேரம் அந்த ஒன்பதரைதான் என்பதால், அன்றைய நல்ல சாப்பாடும் அப்போதுதான்: சோறு, மீன் குழம்பு, இறால் சம்பல், அப்பளம். பசியும் களைப்பும் சேர்ந்து பகலில் சாப்பிடாததையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவோம். கணவருக்கு முன்னால் நான் மட்டும் ஏழு மணிக்கே சாப்பிடுவது என்பது எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லாத ஒன்று. மாமியார் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. நான் தட்டை எடுத்தபோது அவர் மட்டும் ‘எனக்குப் பசி இல்லை’ என்று எழுந்துபோய்த் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்தார். அந்தப் பசியின்மைக்கு என்ன பொருள் என்று மருமகள்களுக்குத் தெரியும்.

அவரிடம் அமிலத்தைப் பற்றி விளக்குவதை விட்டுவிட்டு, அவருடைய சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் பேசினேன். மாலை மாத்திரையை உணவோடு எடுக்க வேண்டியவர், மகனுக்காகக் காத்திருந்து ஒன்பதரை மணிக்குத்தான் எடுத்துக்கொண்டிருந்தார். ‘நீங்கள் ஏழு மணிக்குச் சாப்பிட வேண்டும், உங்களுக்குத் துணையாக நானும் உட்கார்கிறேன்’ என்றதும் வழக்கம் தடையின்றி மாறியது. கணவர் இப்போது தூக்குச் சட்டியில் சோறு எடுத்துப்போய், ஆலையின் மாலை இடைவேளையில் சாப்பிட்டுவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும் பப்பாளித் துண்டுகளோ ஒரு கோப்பை சூப்போ போதும் என்கிறார். ஒன்பதரைக்கு நாங்கள் இன்னமும் ஒன்றாகவே உட்காருகிறோம், மேசையில் சோற்றுப் பானை மட்டும் இருப்பதில்லை. தொப்பை குறைந்தது தமக்குத்தான் என்று அவர் சொல்லிக்கொள்கிறார், அதையும் மறுக்க முடியாது.

இதற்கு எதிராக ஊரில் வேரூன்றிய நம்பிக்கை ஒன்று உண்டு. வயிறு காலியாக இருந்தால் ‘காஸ்ட்ரிக்’ வரும், ஆகவே படுக்குமுன் இரண்டு பிஸ்கட்டாவது போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அது. மேல்வயிற்று வலி, இரைப்பைப் புண், வாயு, அமில ஏற்றம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெயரையும் ஒரே மருந்தையும் வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. இரைப்பைப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வலி மாத்திரைகளும். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அந்தக் கிருமியைக் கண்டறிந்த பேரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இருந்தால் நோய்க்கிருமி எதிர்ப்பு மாத்திரைகளால் அதை அழிக்கலாம். அமில ஏற்றமோ கிருமியால் வருவதன்று; அங்கே இரவு நேரப் பிஸ்கட் நன்மைக்குப் பதில் தீமையே செய்கிறது. எந்த நோய் என்று தெரிந்துகொள்ளாமல் அடுத்தவரின் மருந்தைக் கடன் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

படுக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் செலவில்லாமல் மிகுந்த பலன் தந்தது அதுதான். தலையணைகளை அடுக்கி உயரமாகப் படுத்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தலையணை கழுத்தையும் இடுப்பையும் மடக்கி வயிற்றை அழுத்துமே தவிர, உடலைச் சரிவாக்காது. கட்டிலின் தலைப்பக்கத்தையே 15 முதல் 20 சென்டிமீட்டர்வரை உயர்த்த வேண்டும். எங்கள் ஊர்த் தச்சர் ரப்பர் மரத் துண்டுகள் இரண்டை அறுத்து, ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் கட்டில்கால் பதியும்படி விரற்கடை ஆழத்துக்குக் குழி தோண்டிக் கொடுத்தார். குழி இல்லாவிட்டால் நள்ளிரவில் திரும்பிப் படுக்கும்போது கால் நழுவி, வீடே எழுந்துவிடும். முதல் சில இரவுகள் காலடிப் பக்கமாகச் சறுக்கிப் போவதுபோல இருந்தது. வழுக்கும் விரிப்பை மாற்றிப் பருத்தி விரிப்புப் போட்டதும் அது சரியாயிற்று. இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பது இன்னொன்று. இரைப்பையின் பெரும்பகுதி இடப்பக்கமாகத் தொங்குவதால், அப்படிப் படுக்கும்போது உணவுக்குழாயின் வாய் அமில மட்டத்துக்கு மேலே நிற்கிறது. வலப்பக்கம் திரும்பினால் அமிலத்தில் முழுகிவிடுகிறது. உறக்கத்தில் நம்மை யார் கண்காணிப்பது என்று கேட்கலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு நீளத் தலையணையை அண்டக் கொடுத்தால் பாதி இரவாவது தாக்குப்பிடிக்கும்.

சேலை கட்டும் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றை எந்த மருத்துவரும் எனக்குச் சொல்லவில்லை. உள்பாவாடை நாடாவை இடுப்பில் தழும்பு விழும் அளவுக்கு இறுக்கி முடிந்து, அதன்மேல் கொசுவத்தையும் திணித்துக்கொண்டு காலை முதல் பிற்பகல்வரை நிற்கிறோம். உண்டு முடித்த இரைப்பையைக் கீழிருந்து மேலே தள்ள அதுவே போதும். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்துக்கொண்ட பிறகு, இடைவேளைக்குப் பிந்திய பாடவேளைகளில் ஏப்பமும் எரிச்சலும் கண்கூடாகக் குறைந்தன. ஆண்களுக்கு இடுப்புவார் அப்படி. சாப்பிட்ட உடனே குனிந்து வீடு பெருக்குவதையும், செடிக்கு மண் அணைப்பதையும் தள்ளிப்போடுகிறேன். அந்த நேரத்தில் மாமியாரோடு வீட்டுச் சந்து முனைவரை மெதுவாக நடந்துவிட்டு வருவது வழக்கமாகியிருக்கிறது. எடை கூடியவர்களுக்கு அதைக் குறைப்பது நல்ல பலன் தரும் என்பது மருத்துவர்கள் சொல்வது. இரவுச் சாப்பாட்டு நேரம் முன்னதாக மாறியதும் எனக்கு அது தானாகவே கொஞ்சம் நடந்தது.

உணவைப் பொறுத்தவரை, மாணவர்களின் நோட்டுப் புத்தகம் ஒன்றில் நேரம், சாப்பிட்டது, எரிந்ததா என்று மூன்று பத்தி போட்டு எழுதிவந்தேன். எல்லோருக்கும் பொதுவான தடைப்பட்டியலைவிட இது மேலானது. காரமே எதிரி என்று நினைத்திருந்தேன். நண்பகலில் சாப்பிட்ட காரக் குழம்பு பெரும்பாலும் என்னை ஒன்றும் செய்யவில்லை. எண்ணெய் மிதக்கும் சம்பலும், தேங்காய்ப்பால் சோற்றோடு பொரித்த கோழி சேர்ந்த நாசி லெமாக்கும், பச்சை வெங்காயமும், தக்காளி தூக்கலான ரசமும்தான் திரும்பத் திரும்ப அகப்பட்டன. உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவருக்கு இவற்றில் எதுவுமில்லை, சாக்லேட் மட்டும்தான். ஆகவே கனமான சாப்பாட்டைப் பிற்பகல் இரண்டு மணிக்கு மாற்றிக்கொண்டு, இரவில் இட்லி, பாசிப்பருப்புக் கஞ்சி, சுரைக்காய்க் கூட்டு, ஆவியில் வேகவைத்த மீன், தண்டுக்கீரை என்று வைத்துக்கொள்கிறேன். டுரியான் பருவத்தில் மட்டும் என் உறுதி தளர்வதுண்டு. அதற்கும் வழி, பகலில், இரண்டு சுளையோடு நிறுத்துவதுதான். மூன்றாவது சுளைக்குக் கை நீளும்போது மாமியார் பார்த்துக்கொள்கிறார்.

மருந்தும் எடுத்தேன் என்பதை மறைக்கக் கூடாது. பழக்கங்களை மாற்றுவதோடு, சில வாரங்களுக்கு ஓமெப்ரசோல் கொடுத்தார்கள். இந்த வகை மாத்திரையைக் காலையில், பசியாறுவதற்கு அரைமணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். மற்ற மாத்திரைகளோடு சேர்த்துச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்குபவர்கள் ‘கேட்கவில்லை’ என்று சொல்வதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். நெடுங்காலம் எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட வேகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பும் என்பதால், எனக்கு மருத்துவரே படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். ஆல்ஜினேட் கலந்த திரவ மருந்து வேறு விதமானது. அது உணவின் மேல் தேங்கும் அமிலத்தின்மீது நுரைப்படலமாக மிதந்து தடுக்கிறது. சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்குமுன்னும் எடுப்பது அதற்காகத்தான். மூட்டுவலிக்கு வாங்கும் வலி மாத்திரைகளும், சில இரத்த அழுத்த, ஆஸ்துமா மருந்துகளும் எரிச்சலைக் கூட்டக்கூடும். தாமாக நிறுத்திவிடாமல், எடுப்பவை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலேசியாவில் செய்யப்பட்ட எண்டோஸ்கோப்பி (வாய்வழியே குழாய்க் கேமராவைச் செலுத்திப் பார்க்கும் சோதனை) ஆய்வுகளில், அமிலத்தால் வரும் உணவுக்குழாய் அழற்சி மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே கூடுதலாகக் காணப்பட்டிருக்கிறது. விழுங்குவதில் தடை, காரணமின்றி எடை குறைதல், வாந்தியில் இரத்தம், தார் நிறத்தில் மலம், இரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சீரகத் தண்ணீரில் நாள் கடத்தாமல் அந்த ‘ஸ்கோப்’ சோதனையை எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், போய்விட வேண்டும். நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால் அதை வாயு என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வெறும் நெஞ்செரிச்சலாகவும் வரலாம். பெரிய மருத்துவமனைக்கு நெடுந்தூரம் போக வேண்டிய தோட்டப்புறங்களில் முதல் வேலை 999-ஐ அழைப்பதே.

எஞ்சியிருப்பது திருமண விருந்து. எட்டு மணி என்று அழைப்பிதழில் போட்டு, மணமக்கள் மண்டபத்துக்குள் வந்து, உரைகள் முடிந்து, உணவு மேசைக்கு வரும்போது பத்தாகிவிடும் விருந்துகளைத்தான் சொல்கிறேன். போகாமல் இருப்பது மரியாதையன்று. போய்ச் சாப்பிடாமல் இருப்பது அதைவிட மரியாதைக் குறைவு. ஆறரைக்கே வீட்டில் நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறேன். மண்டபத்தில் சூப்பும், கொஞ்சம் காய்கறியும், பழமும் எடுத்துக்கொண்டு, பேச்சில் கலந்துகொள்கிறேன். ‘என்ன டீச்சர், டயட்டா?’ என்று கேட்பவர்களுக்கு ஆமாம் என்று சொல்லிவிடுவது நெஞ்செரிச்சலை விளக்குவதைவிடச் சுருக்கமானது. பிரியாணியை விட்டுக்கொடுப்பதில்லை; புறப்படும்போது வீட்டுக்கு எடுத்துப்போகத் தபாவ் (பொட்டலம்) கேட்டால் வீட்டுக்காரர்கள் மகிழ்ச்சியோடு கட்டித் தருகிறார்கள். வந்ததும் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலையில் நன்றாகச் சூடாக்கி அதிலேயே பசியாறிவிடுகிறேன். அதன்பின் நண்பகல்வரை வகுப்பில் நின்றுகொண்டுதானே இருக்கப்போகிறேன்.